இபுவின் ஆறு சத்தங்கள்

கொட்டாவி விட்டால்கூட இபு முழுசாகத்தான் விடுவார். நாமெல்லாம் கையை வைத்து மறைத்து, பாதியில் விழுங்கி, கண்ணில் தண்ணீர் கோக்க நிற்போமே, அந்தக் கதையெல்லாம் அவரிடம் கிடையாது. தொம்மலூரில் எங்கள் ஆபீஸ் மூன்றாவது மாடியில் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ஒரு கொட்டாவி விட்டால் போதும், கீழே டீக்கடைக்காரர் பாலைச் சூடு பண்ண ஆரம்பித்துவிடுவார் என்று கேலி செய்வோம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சிரிப்பார். சிரிப்பும் முழுசுதான். கடைவாய்ப் பல்லில் அடைத்திருக்கும் வெள்ளி பளிச்சென்று தெரியும்.

"வாயை என்ன வாடகைக்கா எடுத்திருக்கீங்க? சொந்த வாய்தானே, நல்லாத் தொறங்க" என்பார். எங்களிடம் மட்டுமல்ல, யாரிடமும் சொல்வார். ஒருநாள் சாயங்காலம் அவர் கணவரால் கூட்டிப்போக வர முடியாமல் போய், பஸ்ஸும் வராமல் போகவே, ஆட்டோ பிடிக்கலாமென்று நானும் அவரும் ரோட்டில் நின்றோம். விவேக் நகர் என்றதும் ஆட்டோக்காரர் 'த்ச்' என்று நாக்கைச் சொடுக்கித் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பெங்களூரில் இது தினமும் நடப்பதுதான். நான் அடுத்த ஆட்டோவைத் தேடினேன். இவர் நகரவில்லை.

"அது என்னப்பா த்ச்? பல்லி மாதிரி. வர மாட்டேன்னா வர மாட்டேன்னு வாயைத் தொறந்து சொல்லு."

அந்த ஆள் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பரல்லா மேடம்" என்றார் கன்னடத்தில், வாய் நிறைய.

"ஆங், இது பேச்சு. ரொம்ப தேங்ஸ்ப்பா." என்னவோ சவாரி கிடைத்துவிட்டதுபோல சந்தோஷமாக நடக்க ஆரம்பித்தார். கால் வலித்தது எனக்குத்தான்.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆபீஸில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இபு என்போம். இந்தோனேசிய மொழியில் அம்மா என்றும் அர்த்தம், மேடம் என்றும் அர்த்தம். வயதில் என்னைவிட ஏழெட்டு வருடம் சின்னவர். ஆனாலும் எனக்கும் அவர் இபுதான். என்னை அண்ணே என்பார்.

சுமத்ரா தீவில் மேடான் என்று ஓர் ஊர். தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறிப்போன தமிழ்க் குடும்பத்தில் அங்கே பிறந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் இந்தோனேசிய மொழி. விவேக் நகரில் சர்ச்சுக்கு எதிர்வரிசையில் மெழுகுவர்த்திக் கடை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு பெங்களூர் வந்தார். வந்த புதிதில் வீட்டுக்கு வந்தவர்களை "பசியாறியாச்சா?" என்று விசாரித்தாராம். கப்பல் தமிழ் என்று புகுந்த வீட்டில் சிரித்தார்களாம். தமிழுக்கே இந்த மரியாதை என்றால் மற்ற பாஷையை யார் சீந்தப் போகிறார்கள்? பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வாய் என்று வேறு ஒரு பேச்சு. இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கம்ப்யூட்டர்களெல்லாம் இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் நின்றுபோகும் என்று எல்லோரும் பயமுறுத்திக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஆபீஸ் வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் பாட சி.டி. தயாரித்துக் கொடுக்கும் சின்ன இடம். பாடத்தை எழுதிச் சரிபார்ப்பது என் வேலை. மெல்போர்னிலிருந்து ஒரு வேலை வந்தது. ஆஸ்திரேலியப் பள்ளிக்கூடங்களில் இந்தோனேசிய மொழி சொல்லித்தருகிறார்கள், அதற்கு முதல் பாடம்: ஆங்கிலம் பேசுகிறவர்கள் அந்த மொழியின் உயிரெழுத்துகளை எப்படி உச்சரிப்பது என்பது. எங்கள் முதலாளி மைசூர்ப் பக்கத்துக்காரர், எதற்கும் அஞ்சாதவர். ஆங்கில எழுத்தில்தானே எழுதியிருக்கிறது, படித்தால் போச்சு என்று, தேன் மாதிரி குரலுள்ள ஒரு பெண்ணைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்.

அந்தப் பெண் தண்ணீரைக் காற்றாக்கினாள். a, i, r என்று எழுதியிருக்கும், 'ஆ-இர்' என்று சொல்ல வேண்டும், தண்ணீர் என்று அர்த்தம். அவள் 'ஏர்' என்று ஸ்டைலாகச் சொன்னாள். அவள்மேல் தப்பில்லை. வீட்டில் கன்னடம் பேசுகிற பெண், அம்மாவோடு போனில் பேசும்போது ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று விழும். ஹெட்போனை மாட்டி ஆங்கில எழுத்தைப் பார்த்த மறுநிமிடம் வேறு ஒரு வாய் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஊரில் ஆபீஸ் போகிற எல்லோருக்கும் இந்த இரண்டாவது வாய் உண்டு, எனக்கும் சேர்த்து. இபு வாடகை வாய் என்று சொன்னது இதைத்தான் என்று பிறகு புரிந்தது.

மெல்போர்னில் பாடங்களைக் கேட்டுப் பார்த்து முடிவு சொல்கிறவர் ஓர் அம்மையார், இந்தோனேசியாவிலேயே பிறந்து வளர்ந்த ஆசிரியை. அவர் ரொம்ப மரியாதையாக எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த வாரம்தான் மெழுகுவர்த்தி வாங்கப் போனேன். கடையில் இபு தனியாக நின்று சரக்கை அடுக்கிக்கொண்டிருந்தார். "சாத்து, டுவா, டீகா" என்று வாயைத் திறந்து, பாட்டுப்போல எண்ணினார். எந்த ஊரில் எந்தப் பாஷை பேசினாலும் எண்ணுவது மட்டும் சின்ன வயதில் படித்த பாஷையில்தான் வரும். ஒரு வாரமாக அதே வார்த்தைகளைத் தப்புத் தப்பாகக் கேட்டு நொந்திருந்த எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாங்கின மெழுகுவர்த்தியை அங்கேயே மறந்துவிட்டு முதலாளியிடம் ஓடினேன்.

அப்படித்தான் இபு எங்கள் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய கணவர் தினமும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் வந்து கூட்டிப்போவார். அதிகம் பேசாத மனிதர். மாடிக்கு வர மாட்டார், கீழேயே நிற்பார்.

முதல் நாளே இபு எங்களுக்குப் பாடம் நடத்திவிட்டார். "எழுத்து அஞ்சுதான், சத்தம் ஆறு. இங்கிலீஷ்காரங்க 'ஓ' சொல்றப்போ பாருங்க, வட்டமா வாயைத் தொறந்து, கடைசில ஊதி மூடிடுவாங்க. ஓஉ. 'ஏ' சொன்னா வாலுல ஒரு 'இ' தொங்கும். ஏஇ. எங்க பாஷைக்கு வால் கெடையாது. ஆரம்பிச்ச எடத்துலயே முடிக்கணும், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"எங்க, நீங்க சொல்லுங்க பாப்போம்."

சொன்னேன். தமிழன்தானே, சரியாகத்தான் வந்தது. ஆறாவது சத்தத்தில் மாட்டிக்கொண்டேன். எழுத்தில் எ போலத்தான் இருக்கும், ஆனால் சொல்லும்போது இரண்டு எழுத்துக்கு நடுவே மூச்சு மாதிரி நழுவ வேண்டும். 'செலாமத்' என்று நான் அழுத்திச் சொன்னால், "அண்ணே, மிதிக்காதீங்க, செத்துடும்" என்பார். கடைசிவரை எனக்கு அது வரவேயில்லை.

ஒலிப்பதிவு செய்தவர் டெரன்ஸ். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், ஆங்கிலோ இந்தியர், பிறந்து வளர்ந்தது ஆங்கிலத்தில்தான், தமிழ் பிறகு தெருவில் பழகியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாத்தியக் கோஷ்டியில் கிட்டார் வாசிப்பார். இபு ஒரு சத்தத்தைச் சொன்னால் அதில் மயிரிழை ஏறி இறங்கினாலும் கண்டுபிடித்துவிடும் காது அவருக்கு. அந்தக் காதுக்கும் அவர் வாய்க்கும் மட்டும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இபுவின் குரலில் பாடத்தைப் பதிவு செய்து மெல்போர்னுக்கு அனுப்பினோம். பதில் நாங்கள் நினைத்தபடி வரவில்லை. குரல் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தார் அந்த அம்மையார். ஆனால் இந்தியப் பெயருள்ள ஒருவர் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு எங்கள் மொழியைச் சொல்லித்தருவது என்றால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஜகார்த்தாவில் ஒரு தொழில்முறைக் குரல்காரரைப் பார்த்துவைத்திருக்கிறேன் என்றும் எழுதியிருந்தார். முதலாளி விடவில்லை. போன் போட்டு மன்றாடினார். கடைசியில் அந்த அம்மையார் ஒரு வழி சொன்னார். பாடம் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குத்தானே? பிறந்ததிலிருந்து ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த ஒருவருக்கு உங்கள் இபு சொல்லித்தரட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை நான் போனில் கேட்கிறேன். கற்றுக்கொண்டவர் வாய் சரியாக இருந்தால் குரல் உங்களுடையது.

எல்லோரும் டெரன்ஸைத் திரும்பிப் பார்த்தோம். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காது கேட்காதவர்போல இருந்தார்.

"டெரன்ஸா? ஹோகலி பிடி, விட்டுத்தள்ளுங்க, ஜகார்த்தாக்காரனே வரட்டும்" என்று முதலாளி கையை உதறிவிட்டார்.

"சார், என்கிட்ட விடுங்க" என்றார் இபு.

இரண்டு நாள் படாத பாடு பட்டார்கள். டெரன்ஸ் 'ஓ' என்பார், கடைசியில் வால் முளைக்கும். 'ஏ' என்பார், அதிலும் வால். அந்த வால் தனக்குக் கேட்கிறது, ஆனால் வாய் அதை எங்கே செய்கிறதென்று தெரியவில்லை என்று அவரே நொந்துகொண்டார். இபு பிளாஸ்டிக் பிடி வைத்த வட்டக் கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தார். சத்தம் முடியும்வரை உதடு ஆடக் கூடாது, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள் என்றார். ஒன்றும் நடக்கவில்லை. இபு கிட்டே வந்து உற்றுப் பார்த்தார்.

"பாக் டெரன்ஸ், உங்க மேலுதடு எங்க இருக்கு?" பாக் என்றால் ஐயா.

"இங்கதான் மிஸ். மீசைக்குக் கீழே."

"எனக்குத் தெரியலையே. கண்ணாடிக்கும் தெரியல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டெரன்ஸின் மீசை லேசுப்பட்ட மீசையல்ல. மேலுதட்டை மொத்தமாக மூடிக் கீழுதட்டையும் எட்டிப் பார்க்கும். அவர் டீ குடித்தால் மீசையும் பாதி குடிக்கும். கோஷ்டியில் அவருக்குப் பெயரே மீசைக்காரர்தான்.

"நோ நோ மிஸ். மீசை மேல கை வைக்காதீங்க. இதைப் பார்த்துத்தான் என் வைஃப் என்னைக் கட்டிக்கிட்டா."

"அது அப்போ. இப்ப உங்க வாயைப் பாக்கட்டும். ஓடிட மாட்டாங்க, நான் கேரண்டி."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இனிமேல் வர மாட்டார் என்றே நினைத்தேன். அன்று சாயங்காலம் ஸ்கூட்டருக்காகக் காத்திருந்தபோது இபுவின் வாய் மூடியிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, அந்தம்மா வேணாம்னு சொல்லிட்டா நான் மறுபடியும் மெழுகுவர்த்தி எண்ணத்தான் போகணும். போறேன், அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. ஆனா எண்ணுறதுக்குப் பத்துப் பன்னெண்டு வார்த்தை போதும். மிச்ச வார்த்தையெல்லாம் நான் என்ன பண்ணுவேன்?"

ஸ்கூட்டர் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் வாசல் காவலாளி ஒரு புது ஆளை மறித்துக்கொண்டிருந்தார். மூக்குக்குக் கீழே வெயிலே படாத வெளுப்பு, அதில் இரண்டு வெட்டுக்காயம். முதலாளி படியிறங்கி வந்து, "அய்யோ ராமா, யாருப்பா நீனு?" என்றார். டெரன்ஸ் யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று மாடியேறி, கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு.

'ஓ' என்றார். முடியும் நேரத்தில் மேலுதட்டின் நடுவில் ஒரு சுருக்கம் விழுந்ததைக் கண்ணாடியில் அவரே பார்த்தார். "காட் இட்! பிடிச்சுட்டேன், திருடன்!" என்று கத்தினார். மறுபடி 'ஓ'. இபு கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார், கை இறங்கும்வரை உதடு ஆடக் கூடாது. முதலில் ஆடியது. மத்தியானத்துக்குள் ஆடாமல் நின்றது. 'ஏ'யும் வழிக்கு வந்தது.

அதற்குப் பிறகு 'ஆ'. மூக்குக் கண்ணாடிக்கு அவர்கள் மொழியில் 'காச்சாமாத்தா'. நான்கும் ஆ. ஆங்கில வாய் ஒன்றுக்கு மட்டும் விருந்து வைத்துவிட்டு மற்ற மூன்றையும் பட்டினி போடும். "நாலு புள்ளைக்கும் ஒரே அளவு சோறு போடுங்க" என்று இபு தாளம் போட்டார். டெரன்ஸ் தன்னுடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கிட்டாரில் நாலு தட்டுத் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் ஆ வைத்தார். எனக்குத் தண்ணி காட்டிய ஆறாவது சத்தமோ அவருக்கு முதல் தடவையிலேயே வழுக்கிக்கொண்டு வந்தது. ஆங்கிலம் முழுக்க அந்தச் சத்தம்தானாம். "இதுல நீங்க ராஜா, பாக்" என்றார் இபு. டெரன்ஸ் என்னைப் பார்த்து மீசையில்லாத உதட்டை ஒரு மாதிரி வளைத்தார்.

ஆபத்துக்கு இருக்கட்டும் என்று ஒரே ஒரு முழு வாக்கியமும் சொல்லிக்கொடுத்தார். 'சாயா தீடாக் மெஙெர்தி.' எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை மெல்போர்ன் அம்மையாரின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள். மேஜையைச் சுற்றி நாங்கள், நடுவில் டெரன்ஸ், கையில் கண்ணாடி. எதிரில் இபு தன் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றார், குழந்தைக்குச் சோறூட்டும்போது அம்மாக்கள் வாயைத் திறப்பார்களே, அப்படி.

அம்மையார் முதலில் எழுத்துகளைக் கேட்டார். சொன்னார் டெரன்ஸ். வார்த்தைகளைக் கேட்டார். சொன்னார். தண்ணீர் தண்ணீராகவே வந்தது. மூக்குக் கண்ணாடி கேட்டார், நாலு பிள்ளைகளும் வயிறார வந்தன. திடீரென்று அம்மையார் இந்தோனேசிய மொழியில் கடகடவென்று ஏதோ கேட்க ஆரம்பித்துவிட்டார்.

டெரன்ஸ் இபுவைப் பார்த்தார். இபு விரலை உயர்த்தினார். டெரன்ஸ் மூச்சை இழுத்து, வாயை முழுசாகத் திறந்து, ஒரு வால் இல்லாமல், ஓர் இடத்தில்கூட இடறாமல் சொன்னார்: "சாயா தீடாக் மெஙெர்தி."

அம்மையார் சிரித்துவிட்டு இன்னும் வேகமாகக் கேட்டார்.

டெரன்ஸ் அதே வாக்கியத்தை இன்னும் அழகாகச் சொன்னார். அவர் எவ்வளவு நன்றாகச் சொன்னாரோ அவ்வளவுக்கு, அவருக்குப் புரியவில்லை என்பதை அந்த அம்மாள் நம்பவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது ஆங்கிலத்துக்கு மாறி, "என்னோடு விளையாடாதீர்கள் சார், இவர் எத்தனை வருடம் இந்தோனேசியாவில் இருந்தார்?" என்றார்.

"மேடம்," முதலாளி மேஜையில் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னார், "இவர் ஓசூரைத் தாண்டினதே இல்லை."

"உங்கள் இபுவின் குரலே இருக்கட்டும்" என்றது ஸ்பீக்கர். டெரன்ஸ் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. இபு மட்டும் அசையவில்லை. அம்மையார் தொடர்ந்து ஏதோ கேட்டார், இந்த முறை மெதுவாக, கடைசியில் 'இபு' என்ற சொல் இருந்தது. எந்த ஊர் என்று கேட்டிருக்க வேண்டும்.

"மேடான்" என்றார் இபு. அந்த ஆ முடியவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் பேசினார். எங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. பள்ளிக்கூடம், தெரு, சாப்பாடு, அம்மா அப்பா, எதைப் பற்றி வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். அங்கிருந்து ஒரு கேள்வி, இங்கிருந்து ஒரு வெள்ளம். சிரித்தார், அழுதார், இரண்டுக்கும் வாயை மூடவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. முதலாளி எழுந்து தன் நாற்காலியை அவருக்குப் பின்னால் நகர்த்திப் போட்டார். அதையும் அவர் கவனிக்கவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்றிருந்தார். மனைவி வர நேரமாகிவிட்டதே என்று முதல்முறையாக மாடியேறி வந்த கணவர். கையில் ஸ்கூட்டர் சாவி அப்படியே இருந்தது. நான் வெளியே போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"அந்தப் பாஷையா சார் இது?"

"ஆமாங்க."

வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். "கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆச்சு சார்" என்றார். "அவளுக்கு அதுல எண்ண மட்டும்தான் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்."

உள்ளேயிருந்து இபு அவரைப் பார்த்துவிட்டார். புகுந்த வீட்டு ஆள் யாராவது வந்தால் குரலைத் தாழ்த்துவது அவர் பழக்கம். அன்றைக்குத் தாழ்த்தவில்லை. கணவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இன்னும் பெரிதாக வாயைத் திறந்து பேசினார். கணவர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து, உள்ளே போய் உட்கார்ந்தார்.